கிளிசரால் மூவிணைய ஆல்கஹால் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆல்கஹால்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், மூன்று ஹைட்ராக்சில் (-OH) தொகுதிகள் இருப்பதால் கிளிசரால் ஒரு மூவிணைய ஆல்கஹால் என்று எழுதப்பட்டிருந்தது. விடைத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் இந்தப் பிழை அச்சிலும் ஏறிவிட்டால் களைவது கடினம் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூலக்கூறில் எத்தனை ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன என்பது ஒரு கணக்கு. அத்தொகுதியைத் தாங்கும் கார்பனோடு வேறு எத்தனை கார்பன்கள் பிணைந்துள்ளன என்பது வேறு கணக்கு. ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்ற பிரிவு இரண்டாவதைச் சார்ந்தது. கிளிசராலின் இரு முனைகளிலும் இருப்பவை ஓரிணையத் தொகுதிகள், நடுவிலிருப்பது ஈரிணையம். மூவிணையம் அதில் ஒன்றுகூட இல்லை.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று, ஏனெனில் வினைகளே இந்தப் பிரிவின்படிதான் நடக்கின்றன. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீரற்ற சிங்க் குளோரைடைக் கரைத்துப் பெறும் லூகாஸ் வினைபொருளில் மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலைச் சேர்த்துக் குலுக்கினால், கரையாத அல்கைல் குளோரைடு உண்டாகி உடனே கலங்குகிறது. ஈரிணையமான பியூட்டன்-2-ஆலுக்குச் சுமார் 5 நிமிடம் பிடிக்கும். ஓரிணையமான பியூட்டன்-1-ஆலோ அறை வெப்பநிலையில் தெளிவாகவே நிற்கும். (ஓரிணையமான பென்சைல் ஆல்கஹால் மட்டும் உடனே கலங்கி மாணவரைத் திகைக்க வைக்கும், இடையில் உருவாகும் கார்பன் நேரயனியை பென்சீன் வளையம் நிலைப்படுத்துவதே அதற்குக் காரணம்.) அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டிலோ நிலைமை தலைகீழ். ஓரிணையமும் ஈரிணையமும் அதன் ஆரஞ்சு நிறத்தைப் பச்சையாக்கும். ஹைட்ராக்சிலைத் தாங்கும் கார்பனில் ஹைட்ரஜனே இல்லாத மூவிணைய ஆல்கஹால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை.

கட்டுரையின் தயாரிப்புப் பகுதி, ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாக்கும் நொதித்தலோடு முடிந்துவிட்டதும் ஒரு குறையே. புரோப்பீனை அமில முன்னிலையில் நீரேற்றம் செய்தால், மார்கோவ்னிகாஃப் விதிப்படி (இரட்டைப் பிணைப்பில் அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனில் ஹைட்ரஜனும் மற்றதில் ஹைட்ராக்சிலும் சேரும்) ஈரிணையமான புரோப்பன்-2-ஆல் கிடைக்கிறது. அதே புரோப்பீனை டைபோரேனுடன் வினைப்படுத்தி, பிறகு காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால் ஓரிணையமான புரோப்பன்-1-ஆல் முதன்மை விளைபொருளாகக் கிடைக்கிறது. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்த பிறகே வேதியியலாளர் வழியைத் தேர்கிறார் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, கிளிசராலின் அமைப்பு வாய்பாட்டையும் வரைந்து, மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளின் அருகிலும் அவற்றின் வகையைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்