நன்றியுரைப் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நிகழ்நேர அமைப்புகளுக்கான, அதாவது குறித்த நேரத்துக்குள் விடை தந்தே ஆக வேண்டிய கணினிகளுக்கான, மென்பொருள் சோதனை பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். அதில் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான். துணைவேந்தரில் தொடங்கித் துறைத்தலைவரை எட்டுவதற்குள் அது நிரம்பிவிட்டது. மற்றவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கு. மற்ற மென்பொருளில் விடை சரியா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். காரின் ஏர்பேக்கில் அப்படியில்லை. விடை சரியாக இருந்தும் சில மில்லிவினாடி பிந்தினால் அது தப்பான விடைதான். அந்தத் தாமதத்தைப் பிடிப்பதில் ஒரு வம்பு உண்டு. நேரம் எங்கே போகிறது என்று பார்க்க நிரலில் ஒரு பிரிண்ட் வரியை (திரையில் எழுதிக் காட்டச் சொல்லும் கட்டளையை) சேர்த்தால், அந்த வரி ஓடவே நேரம் பிடிக்கும். பணிகள் ஓடும் வரிசை மாறும், தேடிவந்த பிழை மறைந்துவிடும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி.

அண்ணன் சொன்ன வழி எளிது. பிரிண்டைத் தூக்கு, போர்டில் சும்மா கிடக்கிற ஒரு பின்னின் (மின்முனையின்) மின்னழுத்தத்தைப் பணி தொடங்கும்போது ஏற்று, முடியும்போது இறக்கு. அதற்கு ஒன்றிரண்டு கட்டளைகளே போதும். அப்புறம் மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பர்சிஸ்டன்ஸ் (பழைய அலைகளை அழிக்காமல் வைத்திருக்கும் வசதி) வைத்து இரவெல்லாம் விட்டுவிடு. காலையில் பார்த்தால் எண்ணற்ற அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தடித்த கோடாக நிற்கும். நேரம் தவறிய ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி மெல்லிசாகத் தெரியும். என் ஆய்வே அந்த மெல்லிசுக் கோட்டைப் பற்றியதுதான்.

இரவெல்லாம் போர்டு ஓட வேண்டுமென்றால் வாட்ச்மேன் ஐயாவின் தயவு வேண்டும். பூட்டும்போது மெயினை அணைப்பதுதான் விதி. நான் ஒட்டிவைத்த ‘அணைக்க வேண்டாம்’ தாளை மதித்ததோடு, கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிறதா என்றும் எட்டிப் பார்ப்பார். காலையில் “சிக்குச்சா?” என்று கேட்பார். துறையில் அப்படிக் கேட்டவர்கள் குறைவு.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு நன்றி. சராசரி நேரத்தை எழுதிக்கொண்டு போனால், “அதை நீயே வைத்துக்கொள், மோசமானது எவ்வளவு?” என்பார்.

நான் நேரில் பார்க்காத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம், பிறகு தானாகவே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. வானிலைத் தரவு திரட்டும் குறைந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் தொடவிடும் ஏற்பாட்டை) பிடித்திருக்க, அதற்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்திருக்க, இடைப்பட்ட பணிகள் நடுவில் புகுந்து ஓடின. கெடு தவறியதைக் கண்டதும் கணினி மறுதொடக்கம் ஆனது. மென்பொருள் குழுவை நடத்திய க்ளென் ரீவ்ஸ் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார். தரையிறங்கும் முன்பே இந்தப் பிழை தலைகாட்டியது, மறுபடி வரவழைக்க முடியவில்லை என்பதைக்கூட மறைக்கவில்லை. கடைசியில் பூமியிலிருந்த நகலை ஓடவிட்டு 18 மணி நேரத்துக்குள் பிடித்தார்கள். பூட்டில் முன்னுரிமை மரபேற்றம் என்ற வசதியை, அதாவது காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாகக் கொடுப்பதை, இயக்கியதும் சரியானது. அந்த வசதியின் கோட்பாட்டை 1990 கட்டுரையில் விளக்கிய லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூவரில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். என் மூன்றாம் அத்தியாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பழைய பிழைப் பதிவுகளைக் கேட்டு நான் எழுதிய நிறுவனங்களில் பல பதிலே போடவில்லை. பெயர் போடாமல் தருகிறேன் என்று ரகசியமாக உதவிய சில பொறியாளர்களுக்கு, அதே ரகசியத்தோடு நன்றி. சிறு கணினிகளுக்கான நிகழ்நேர இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸைத் தொடங்கிய ரிச்சர்ட் பேரிக்கும் நன்றி. அதன் மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் என்னால் உள்ளே கைவைக்க முடிந்தது.

வீட்டாருக்குத் தனியாக எழுதவில்லை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போர்டுகளையும் பதிவான அலைவடிவங்களையும் ஜூனியர்களிடம் கொடுத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாய்மொழித் தேர்வு எல்லார் முன்னிலையிலும் நடக்கும், தேதி வந்ததும் சொல்கிறேன். அண்ணனும் வாட்ச்மேன் ஐயாவும் முன்வரிசையில் உட்கார வேண்டும். ஆசிலோஸ்கோப் பற்றித் தேர்வாளர் குடைந்து கேட்டால் அண்ணனைத்தான் கைகாட்டுவேன்.