டிரோன் மோட்டாரில் கட்டரை நேராக மாட்டாதீர்கள்

ஐயா,

டிரோனிலும் பொம்மை விமானத்திலும் வரும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரை வைத்து, கணினி சொல்படி உலோகத்தை வெட்டும் சிறிய சிஎன்சி மில்லிங் இயந்திரத்துக்கு ஸ்பிண்டில், அதாவது வெட்டும் கருவியான கட்டரைச் சுழற்றும் தண்டு, செய்யலாம் என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்யலாம். நானே செய்து இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். ஆனால், மோட்டார் அச்சிலேயே கோலெட் என்ற கவ்வியை மாட்டிக் கட்டரைப் பிடிக்கலாம் என்று அதில் இருக்கிறதே, அதை மாணவர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது.

முப்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். நானும் முதலில் அப்படித்தான் மாட்டினேன். 3 மி.மீ. கட்டர், அலுமினியத் தகடு. முதல் வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் வெட்டிய ஓரமெல்லாம் அலை அலையாக வந்தது. ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்துப் பார்த்தால் அச்சு ஆடுகிறது. விமானத்தின் விசிறி மோட்டாரை அச்சின் நீளவாக்கில்தான் இழுக்கும்; கட்டரோ பக்கவாட்டில் தள்ளும், அதுவும் பேரிங்கைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில். அதற்கு அந்தக் குட்டி பேரிங்குகள் எத்தனை நாள் தாங்கும்?

அதனால் மோட்டார் சக்தியை மட்டும் கொடுக்கட்டும். கட்டரைப் பிடிக்கத் தனி ஸ்பிண்டில் வேண்டும், அதற்குள் ஜோடியாக ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் (பக்கவாட்டுச் சுமை, நீளவாக்குச் சுமை இரண்டையும் தாங்குவது). இரண்டையும் இணைக்க ஒரு பெல்ட். மோட்டார் மேல் எழுதியிருக்கும் கேவி எண், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைச் சொல்வது. 1000 கேவி மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 24,000 சுற்று. புல்லியில் பாதியாகக் குறைத்தால் கட்டருக்கு 12,000 கிடைக்கும், முறுக்குவிசை இரட்டிப்பாகும். 3 மி.மீ. கட்டருக்கு அலுமினியத்தில் நான் கேட்பது இதைத்தான்.

இன்னொன்று, சூடு. லேபிளில் உள்ள ஆம்பியர் கணக்கு, விசிறிக் காற்று மோட்டார் மேல் அடித்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்துப் போட்டது. இங்கே அந்தக் காற்று இல்லை. தனியாக ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். வெளிக்கூடு சுழலும் வகை மோட்டாராக இருந்தால், இரும்புத் துருவல் காந்தத்தில் போய் ஒட்டாதபடி மூடியும் போடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தந்தது வேறு. சென்சார் இல்லாத இந்த மோட்டாரில், சுற்றும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் காந்தம் எங்கே நிற்கிறது என்று கட்டுப்பாட்டுப் பலகை கணிக்கிறது. கட்டர் திடீரென ஆழமாக இறங்கினால் கணிப்பு தவறி மோட்டார் நின்றுவிடும். வெட்டும் பொருளை நகர்த்தும் மேசைக்கு அது தெரியாது, நகர்ந்துகொண்டே இருக்கும். என் கட்டர் ஒன்று அப்படி முறிந்து, துண்டு என் பாதுகாப்புக் கண்ணாடியில் வந்து அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், கண் தப்பியது.

கட்டுரையில் உள்ள படத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் சிக்னல் கம்பியில் மட்டும் இருக்கிறது. மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்சாரம் போகும் கம்பியையே அது துண்டிக்க வேண்டும். அந்தப் படத்தைத் திருத்தி மறுபடி வெளியிடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்