செயலாளரின் ஆண்டறிக்கை: ஹொப்ஸ், மோல்ட், போத்தல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் கென்றில் வீட்டிலேயே பியர் தயாரிக்கும் எமது சிறு சங்கத்தின் கடந்த ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். அங்கத்தவர் தொகையில் பெரிய மாற்றமில்லை. மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அதற்குள் நான் போகவில்லை.

பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூக்கொடியான ஹொப்ஸ் விளையும் மண்ணில் இருந்துகொண்டு அதைப் பைக்கற்றில் வாங்குவதா என்று சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்வியால், இந்த முறை வசந்தத்தில் பலர் பின்வளவில் வேர்த்துண்டுகளை நட்டார்கள். பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் போட்டுப் பழகிய கை எங்களுடையது. ஆனால் ஆறடிப் பந்தல் இதற்குக் காணாது. கோல்டிங்ஸ், ஃபகிள் போன்ற பழைய இனங்கள் ஐந்து மீற்றர் கயிற்றிலும் ஏறிவிடும். கொடி வலஞ்சுழியாக மட்டுமே சுற்றும். ஓர் அங்கத்தவர் பொறுமையாக மறுபக்கம் சுற்றிவிட்ட கொடிகள் கயிற்றை விட்டுக் கழன்று தொங்கின. வேலி உயரத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் ஃபர்ஸ்ட் கோல்ட் என்ற குட்டை இனத்தை நடுங்கள். முதல் வருட விளைச்சல் சொற்பம்தான். அதற்காகப் பிடுங்கி எறிய வேண்டாம்.

செப்டம்பரில் பறித்தோம். பூ காகிதம்போலச் சரசரக்க வேண்டும். பிளந்தால் இதழடியில் மஞ்சள் தூள் விரலில் பிசுபிசுக்க வேண்டும். கசப்பும் வாசமும் அந்தத் தூளில்தான். பச்சைப் பூவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய்ந்த பூவின் நிறைக்கே பச்சைப் பூவைப் போட்ட பியரை ஒக்டோபர் கூட்டத்தில் குடித்துப் பார்த்தோம். மரியாதைக்காக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. குறைந்தது ஐந்து மடங்காவது போட வேண்டும்.

முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லியான மோல்ட்டில், வழக்கம்போல் மாரிஸ் ஓட்டர் இனத்தை 25 கிலோ சாக்காக எடுத்துப் பங்கிட்டோம். அரைத்து வாங்குவதா, முழுத் தானியமாகவா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அரைத்தது சீக்கிரம் வாசம் இழந்துவிடும். மாதம் ஒருமுறை அடுப்பில் பானை வைக்காதவர்கள் முழுத் தானியம் எடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஆண்டின் பெரிய பிரச்சினை போத்தல். ஒருவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழிருந்த அலுமாரியில் போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஆளுக்கு ஒன்றுமில்லை, கம்பளம் போய்விட்டது. நொதிக்கும் பாத்திரத்தின் மூடிக் குழாயில் வாயுக் குமிழி நின்றவுடன் நொதித்தல் முடிந்தது என்று நம்பியதுதான் காரணம். குளிரிலும் குமிழி நிற்கும். கரைந்திருக்கும் சீனி குறையக் குறைய எண் இறங்கும் அளவுகருவியான ஹைட்ரோமீற்றரில் 1.045இல் தொடங்கிய பியர் பெரும்பாலும் 1.010 அளவுக்கு இறங்கும், அவருடையது 1.020இல் தூங்கியிருந்தது. மிச்சமிருந்த சீனியோடு போத்தலுக்கென்று போட்ட சீனியும் சேர, கண்ணாடி தாங்கவில்லை. இரண்டு மூன்று நாள் இடைவிட்டு அளந்து, எண் அசையாமல் நின்றால் மட்டுமே போத்தலில் அடையுங்கள். லீற்றருக்கு 5 முதல் 6 கிராம் சீனி போதும். அதையும் போத்தலுக்குப் போத்தல் கரண்டியால் போடாமல், மொத்தமாகக் கொதிநீரில் கரைத்துக் கலவுங்கள்.

நிறமில்லாத கண்ணாடிப் போத்தல் வேண்டாம் என்பதை இம்முறையும் சொல்லவேண்டியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் ஹொப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாறும். யன்னலோரம் வைத்த போத்தலை எல்லோரும் முகர்ந்து பார்த்தீர்கள்தானே.

கலைவிழாவில் எமது பியரை விற்கலாமா என்று சிலர் கேட்டார்கள். முடியாது. வீட்டில் தயாரிப்பதற்கான அனுமதிப்பத்திரத்தை 1963இல் நிதியமைச்சர் றெஜினால்ட் மோட்லிங் நீக்கினார். அந்தச் சலுகை சொந்தப் பாவனைக்குத்தான். காசு வாங்கினால் வரியும் உரிமமும் பின்னால் வரும்.

மூடி அடைக்கும் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்த உப செயலாளருக்கும், கூட்டங்களுக்கு வடை சுட்டுத் தந்த குடும்பங்களுக்கும் நன்றி. அடுத்த மோல்ட் சாக்கு வந்ததும் அறிவிப்போம். மூடியுள்ள வாளியோடு வாருங்கள், சென்ற முறைபோல் ஷொப்பிங் பையோடு அல்ல.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்