ஜிஎஸ்டியில் 180 நாள் சலுகையை 45 நாளாகக் குறைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலாளித்துவத்துக்கு அறம் உண்டா என்ற விவாதம் பெரும்பாலும் லாபத்தையும் பேராசையையும் சுற்றியே நடக்கிறது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: சரக்கை வாங்கியவர் சொன்ன தேதியில் பணம் தருகிறாரா? தராவிட்டால், பெரிய கம்பெனி சிறு பட்டறையிடம் வட்டியில்லாக் கடன் பிடுங்குகிறது என்றுதான் பொருள்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் கடைந்து தரும் பட்டறை ஒரு லட்ச ரூபாய்க்கு பில் போட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் 18 சதவீத ஜிஎஸ்டியான 18,000 ரூபாயை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். அதே 18,000 ரூபாயை வாங்கிய கம்பெனி உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்கிறது. பட்டறைக்கு ஒரு பைசா தராமலே 180 நாள் வரை அதை அனுபவிக்கலாம். இது அநியாயம்.

2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் '90 நாள்' என்று அச்சடித்திருந்தால் அது செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 6 என்றால் வட்டி 18 சதவீதம்.

இந்த 45 நாள் கெடுவை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் விளையாடுகிறார்கள். சரக்கை ஸ்டோர்ஸில் இறக்கிக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை என்று ஜிஆர்என் (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) போடாமல் இழுப்பார்கள். டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரியான நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்கிறது சட்டம். எனவே சலானில் தேதி, சீல், கையெழுத்து மூன்றும் வாங்காமல் வண்டியைத் திருப்பக்கூடாது. சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவான உதயம் பதிவையும் சரக்கு அனுப்பும் முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு பதிந்தால் பழைய பில்களுக்கு உரிமை கோருவதில் சிக்கல் வரும்.

பணம் வராவிட்டால் மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் தரலாம். புகாரின் மீது வரும் தீர்ப்பை எதிர்த்துப் போகும் கம்பெனி 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். இவ்வளவு இருந்தும் பட்டறைக்காரர் புகார் தரத் தயங்குகிறார். அடுத்த ஆர்டர் போய்விடுமே!

புகாரே தேவைப்படாத வழியாக 2023இல் வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தது. கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஓட்டை உண்டு. ஏப்ரல் மாத பில்லை மார்ச் 31ஆம் தேதி கட்டினாலும் அதே ஆண்டில் கழிவு கிடைத்துவிடுகிறது. பதினோரு மாதம் பட்டறைக்காரர் வங்கிக்கு வட்டி கட்டுவார்.

ஆகவே குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளில் பணம் தராவிட்டால், உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி கவுன்சில் விதியை மாற்ற வேண்டும். தமிழக அரசு அடுத்த கூட்டத்திலேயே இதை வலியுறுத்த வேண்டும்.

வாசகர், கோயம்புத்தூர்