கிடாவின் பேரில் ஒரு மேடு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. குற்றாலத்தில் அருவிக்கு நேராகத் தலையைக் கொடுத்தது, அப்புறம் பட்ஸ் போட்டுக் குடைந்தது, அப்புறம் ராத்திரி முழுக்க வலி, விடிந்ததும் டாக்டர் வீடு. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது! காது ஓட்டைக்கு முன்னால் கன்னத்தை ஒட்டி நிற்கிற அந்தக் குட்டி மேட்டை டாக்டர் விரலால் அழுத்தியதும் நீ "யம்மா" என்று கத்தினாயாம், அவர் தலையை ஆட்டிக்கொண்டே சீட்டில் 'ட்ராகஸ்' என்று ஏதோ எழுதினாராம். அது என்ன வியாதி என்று கேட்டிருக்கிறாய்.

வியாதி இல்லை மாப்பிள்ளை. அந்த மேட்டுக்கே பேர் அதுதான். அதற்குள் இருக்கிற குருத்தெலும்பும் காதுக் குழாயின் வெளிப்பகுதியில் இருக்கிற குருத்தெலும்பும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. மேட்டை அழுத்தினால் குழாயின் புண்பட்ட தோலும் சேர்ந்து இழுபடும், உயிர் போகும். செவிப்பறைக்கு உள்ளே சீழ் கட்டியிருந்தால் பொதுவாக இப்படி வலிக்காது. வெளிக்காதுக் கோளாறா, நடுக்காதுக் கோளாறா என்பதை உன் டாக்டர் ஒரு விரலை வைத்தே பாதி கண்டுபிடித்துவிட்டார்.

அந்தப் பேர் வந்த கதையை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கிரேக்கத்தில் 'ட்ராகோஸ்' என்றால் கிடா. பொத்தாம்பொதுவாக ஆடு இல்லை, தாடி வைத்த கிடா. நம் வயசு ஆம்பிளைகளுக்கு அந்த மேட்டின் உள்பக்கத்திலிருந்து கற்றையாக முடி கிளம்புமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். போன மாதம் முடிவெட்டுகிற தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்காமலே காதுக்குள் ட்ரிம்மரை விட்டான். துண்டில் விழுந்ததைப் பார்த்தேன், நரைத்து, கம்பி மாதிரி, நன்றாகவே வளர்ந்திருந்தது. தலையில் இல்லாதது காதில் இருக்கிறது! பிற்கால லத்தீன் உடற்கூறியல்காரர்கள் அந்த முடிக்கற்றைக்கு 'பார்புலா ஹிர்சி' என்றே பேர் வைத்தார்கள். கிடாவின் சின்னத் தாடி என்று அர்த்தம். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டார். காதுக்குத் தாடி எதற்கு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? பேர் வந்தது முடியால், ஒட்டிக்கொண்டது சதையில். முடியே முளைக்காத பெண்களுக்கும் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் அது கிடாதான். ஏதோ ஒரு கிழவரின் காதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவருடைய குறும்பு, இன்றைக்கும் உலகத்துக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் எல்லாருடைய சீட்டிலும் எழுதப்படுகிறது.

காதின் பாகங்களுக்குப் பேர் சேர்த்து எழுதிவைத்தவர் எபேசஸ் ஊர் மருத்துவர் ரூஃபஸ். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர். மனித உடம்பின் பாகங்களுடைய பேர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதற்கு நானூறு ஆண்டுக்கு மேல் முன்னால் வாழ்ந்த அரிஸ்டாட்டிலுக்குக் காதில் பேர் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், கீழே தொங்குகிற சோணை. மிச்சப் பாகத்துக்குப் பேரே இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே இடத்தில் அவர் ஆட்டையும் இழுத்துவிடுகிறார். ஆடுகள் காது வழியாக மூச்சு விடுகின்றன என்று அல்க்மேயோன் என்பவர் சொன்னாராம், அது தப்பு என்கிறார். காதிலிருந்து வாயின் மேலண்ணத்துக்கு ஒரு வழி இருப்பதாகவும் அங்கேயே குறிப்பிடுகிறார். அந்தக் குழாயை விரிவாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ யூஸ்டேக்கி, 1560களில். 1704இல் வால்சால்வா என்ற இன்னொரு இத்தாலிய மருத்துவர் அதற்கு யூஸ்டேக்கியின் பேரையே வைத்தார். நாற்பது பிள்ளைகள் கொட்டாவி விடுகிற வகுப்பில் யூஸ்டேஷியன் குழாயை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன், அரிஸ்டாட்டிலின் ஆட்டை ஒரு தடவைகூட உள்ளே விடவில்லை. விட்டிருந்தால் நாலு பேராவது விழித்திருப்பான்கள்.

கிரேக்கர்களுக்கு ஆம்பிளைத்தனம் என்றாலே கிடா ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது. பையன்களுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் கரகரக்கிறதே, அதற்கு அவர்கள் சொன்ன வார்த்தையும் இந்தக் கிடாவிலிருந்து பிறந்ததுதான். ட்ராஜெடி என்கிறோமே, அதற்கும் நேர்ப்பொருள் கிடாப்பாட்டு. ஏன் அப்படி என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாம் நடுவில் போக வேண்டாம்.

எல்லாப் பேரும் இவ்வளவு பழையது என்று நினைக்காதே. நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பு மனப்பாடம் செய்தோமே, அதில் அங்கவடியை, அதாவது குதிரைக்காரன் கால் வைக்கிற வளையம் மாதிரி இருப்பதை, 1546இல் நேப்பிள்ஸில் கண்டவர் இங்கிராசியா என்ற மருத்துவர். பழைய ரோமானியர்கள் அங்கவடி இல்லாமல்தான் குதிரை ஏறினார்கள். அதனால் அவர்களுடைய லத்தீனில் அதற்கு வார்த்தையே கிடையாது, இடைக்காலத்து லத்தீனிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

காது முடியில் நம் பக்கத்து ஆட்களுக்குத் தனிப் பெருமை உண்டு. இது மேட்டு முடி இல்லை, மடலிலேயே முளைப்பது. அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும், ஒய் குரோமோசோம் வழியாகப் போகிறது என்று திரோணம்ராஜு 1960இல் ஆந்திரக் குடும்பங்களை வைத்து எழுதினார். மரபியல் அறிஞர் ஹால்டேனின் மாணவர் அவர். நானும் ரொம்ப காலம் அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டேன், அன்றைய புத்தகம் அப்படித்தான் சொன்னது. 2004இல் தென்னிந்தியாவில் மடலில் முடி உள்ள ஆண்களின் ஒய் குரோமோசோமையும் முடி இல்லாதவர்களுடையதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசமே தெரியவில்லை, அந்தக் கதை அதோடு போயிற்று. ஆனால் 2007இல் உலகத்திலேயே நீளமான காது முடி என்று கின்னஸில் ஏறியது நம் மதுரைக்காரர் ஒருவருடையது. 18.1 சென்டிமீட்டர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நம் இனம்!

சரி, இந்த மேட்டால் காரியம் ஏதாவது உண்டா என்று நீ கேட்பாய். செவிப்பறை ஓட்டையை அடைக்கிற ஆபரேஷனில், வேண்டிய குருத்தெலும்பை இதிலிருந்துதான் பல டாக்டர்கள் வெட்டி எடுக்கிறார்கள். எடுத்த இடம் வெளியே தெரிவதில்லை. நிஜமாக இதை வைத்துப் பிழைப்பது வௌவால். பூச்சி தின்கிற வௌவால்கள் பலவற்றுக்கு ட்ராகஸ் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். தான் போட்ட சத்தம் திரும்பி வரும்போது, அது மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று தெரிய அது வேண்டும். 1982இல் அமெரிக்காவில் ஒரு வௌவாலின் ட்ராகஸை மடக்கி ஒட்டிவிட்டுச் சோதித்தார்கள். இடம் வலம் இல்லை, உயரம் கண்டுபிடிப்பதில்தான் அது தடுமாறியது. உன் வீட்டுப் பின்னால் அத்திமரத்துக்கு வருகிற பழந்தின்னிகளுக்கு இந்த மேடே கிடையாது. அவை கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்பவை. செத்துக் கிடப்பது ஒன்று அகப்பட்டாலும் தொடாதே, எட்ட நின்று காதை மட்டும் பார்.

பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், தை பிறந்ததும். சுடலைமாடன் கோயிலில். குத்தப்போவது சோணையில், வெட்டப்போவது கிடாவை. இதையும் அதையும் சேர்த்து யோசித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து வீட்டில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "உங்க காதை மொதல்ல சவரம் பண்ணிட்டு வாங்க" என்றாள். தாய்மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று பேத்தி இப்போதே அழுகிறாள். மாமனும் தோடு வாங்கவில்லை, பவுன் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறான். நல்லா இறங்கும்!

சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடு. வலி நின்றதும் நிறுத்திவிடுகிற ஆள் நீ. தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் கொஞ்சம் வாசலின் தடவிக் காதில் வைத்துக்கொள். பட்ஸ் டப்பாவைத் தங்கச்சியிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல். கிடாக்கறிக்கு முதல் நாளே வந்துவிடு, வண்டி மாட்டுத்தாவணிவரை வரும், அங்கிருந்து ஆட்டோ பேசாதே, பையனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்தையா