நைட்ரஜன் குடுவையும் இரண்டு காண்டாமிருகங்களும்

பெர்லின்,
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்ததும் அறைக்குள் முடங்கிவிடாதே என்று உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி என்னை ஓர் அறிவியல் உரைக்கு அழைத்துப் போனாள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஓய்வு பெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வேலைச் சீருடையோடு வந்த ஒருவர் என்று கூடம் நிறைந்திருந்தது. பேச்சு காட்டு விலங்குகளின் இனப்பெருக்கம் பற்றியது. அன்று முழுவதும் உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் இப்போது மிச்சம் இரண்டே இரண்டு: நாஜின், அதன் மகள் ஃபாத்து. கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இருக்கின்றன. கடைசி ஆணான சூடான் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. தாய்க்குப் பின்னங்கால்களில் வலுவில்லை, மகளுக்குக் கருப்பையில் கோளாறு. இரண்டாலும் சினையைச் சுமக்க முடியாது. அதனால் 2019 ஆகஸ்டில் மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டைகளை எடுத்தார்கள். மலக்குடல் வழியாக, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, ஊசியைச் செலுத்தி! முட்டைகளை விமானத்தில் இத்தாலியின் கிரெமோனாவுக்குக் கொண்டுபோய், செத்துப்போன ஆண்களின் உறைவிந்தோடு சேர்த்தார்கள். இப்படி உருவான கருக்கள் இந்த பெர்லினிலும் கிரெமோனாவிலும் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் காத்திருக்கின்றன.

திரையில் அந்தக் குடுவையைக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்தது. கால்நடை மருந்தகத்தில் உங்கள் மேசைக்கடியில் இருந்த அதே குடுவை, அப்பா. நீங்கள் இடுக்கியால் உறைவிந்துக் குச்சியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் உருக்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! சினை ஊசி போடுவதை ஏதோ சின்ன வேலை என்று பேசியவர்கள் அன்று அந்தக் கூடத்தில் இருந்திருக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் ஒத்திகையாக, தெற்கு வெள்ளை இனக் கரு ஒன்றை குர்ரா என்ற வாடகைத்தாயின் கருப்பையில் வைத்தார்கள். சினை பிடித்தது. காண்டாமிருகத்தில் கரு மாற்றம் வென்றது அதுவே முதல் முறை. ஆனால் பெருமழைக்குப் பின் மண்ணிலிருந்து கிளம்பிய கிளாஸ்டிரிடியம் கிருமி தாக்கிக் குர்ரா இறந்துவிட்டது. நம் மாடுகளுக்கு வரும் சப்பை நோய்க் கிருமியின் உறவுதான். வயிற்றில் 70 நாள் ஆண் கரு, 6.4 சென்டிமீட்டர் நீளம். உரையாற்றியவர் இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, இவ்வளவு செலவை வேட்டையைத் தடுப்பதில் போட்டிருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. அந்த இனத்தை அழித்தவை கள்ள வேட்டையும் போர்களும்தான். காவல் இல்லாத காட்டில் கன்றை விட்டு என்ன பயன் என்று உரையாற்றியவரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கரு கையில் இருக்கும்போது கைவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். இங்கே ரே என்ற சிறிய மான் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் இணை சேரும். ஆனால் கரு கொஞ்சம் வளர்ந்ததும் ஏறக்குறைய நின்றுவிடும். டிசம்பர் கடைசியில்தான் மறுபடி வேகமெடுக்கும். தழை துளிர்க்கும் மே, ஜூனில் குட்டி பிறக்கும். இதற்கு ஜெர்மனில் 'கைம்ரூஎ' என்கிறார்கள், கருவின் ஓய்வு என்று பொருள். இந்த மொழியில் நானாக விரும்பி மனப்பாடம் செய்த முதல் சொல் இதுதான்.

உரை முடிந்ததும் இவர்கள் கைதட்டவில்லை, மேசையை விரல்முட்டியால் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பக்கத்தில் இருந்த பெரியவரிடம் உங்கள் வேலையைச் சொன்னேன். பசுவுக்கு அறுபது நாள் சினையைக் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள் என்றதும், விரலுக்கு என்ன தட்டுப்படும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விரிவாக எழுதி அனுப்புங்கள். அடுத்த உரைக்கும் அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அன்பு மகள்