பொங்கல் போட்டியில் ஒரு உதை

அன்புள்ள மாப்பிள்ளை,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நீ வராத குறையைத் தவிர இங்கே பொங்கல் நன்றாகவே நடந்தது. மழை ஏமாற்றவில்லை, ஊரணி நிறைந்து கிடக்கிறது, சந்தையில் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வருகிறது.

கராத்தே போட்டி வழக்கம்போலக் காணும் பொங்கலன்று. தை அமாவாசைக் கூட்டம் ராமேஸ்வரத்தை நிறைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதில் மாஸ்டர் உறுதியாக இருந்தார். சென்னை, திருப்பூர், துபாய் என்று பிழைக்கப் போன நம் பிளாக் பெல்ட் பையன்கள் ஊரில் இருப்பதும் இந்த நாலு நாள்தான். அவர்கள் இல்லாவிட்டால் நடுவர் நாற்காலிக்கு ஆளேது? தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் என்று கரை நெடுகிலும் இருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். மெடல் விவரமெல்லாம் உனக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு ஆட்டத்துக்காக.

சிறுமிகள் குமித்தே, அதுதான் நேருக்கு நேர் சண்டை, அதில் இறுதி ஆட்டம். சிவப்பில் பாம்பன் பெண். அப்பா விசைப்படகில் போகிறவர். என்ன வேகம் தெரியுமா அந்தப் பிள்ளைக்கு! ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் நிற்கிறாள், ஆட்டம் முடியும் நேரம். தொண்டிப் பிள்ளை குத்த உள்ளே புகுந்தாள். இவள் வலது காலைச் சுழற்றினாள். பாதம் நேராகத் தாடையில் இறங்கியது. பல்லுக்குக் கம் ஷீல்டு இருந்தும் உதடு கிழிந்து, வெள்ளை உடுப்பில் மார்புவரை ரத்தம். டாக்டர் பார்த்தார், நடுவர்கள் கூடிப் பேசினார்கள், பாம்பன் பெண்ணைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.

அவள் அழவில்லை. அவள் அப்பாதான் ஆட்டப் பாயின் ஓரத்துக்கே வந்துவிட்டார். "அடிக்கத்தானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? நல்லா அடிச்சதுக்குத் தோல்வியா?"

எனக்கு உடனே டோக்கியோ ஒலிம்பிக்தான் ஞாபகம் வந்தது. 2021 ஆகஸ்ட், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் இறுதி. சவுதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னால் இருந்தார். அவர் விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதே மயங்கி விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனார். ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்து, மயங்கியவருக்குத் தங்கத்தைக் கொடுத்தார்கள். அன்றைக்கு நீ போனில் "இதென்ன நியாயம்" என்று கத்தினாய். நான் நடுவர் பக்கம் நின்றேன். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன் மாப்பிள்ளை.

குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் உதைத்தால் இரண்டு, தலைக்கு உதைத்தால் மூன்று. தலைக்கு ஏன் மூன்று? காலை அவ்வளவு உயரம், அவ்வளவு வேகத்தில் கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த நிறுத்தத்துக்குத்தான் மூன்று புள்ளி. இதைப் பாம்பன் பெண்ணின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டோக்கியோ கதையோடு சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் மனசு ஒப்பவில்லை. பெற்ற மனசு, அதையும் குறை சொல்ல முடியாது.

பிள்ளை மேல் எனக்குக் கோபமே இல்லை. நம்மை மாஸ்டர் கடற்கரை மணலில் ஒரே கட்டாவை, எதிராளி இல்லாமல் செய்யும் அந்த அசைவு வரிசையை, திரும்பத் திரும்பச் செய்ய வைத்துவிட்டு, அப்புறம்தானே கிளவுஸைக் கையில் கொடுத்தார்? இப்போது சேர்த்த மூன்றாம் மாதமே "போட்டிக்கு எப்போ சார்?" என்கிறார்கள் பெற்றோர். சில வகுப்புகளில் கட்டாவை ஒப்புக்குச் செய்துவிட்டு நேரே சண்டைக்கு விடுகிறார்கள். எதிரே ஆளில்லாமல் முழு வேகத்தில் குத்தி, அந்தரத்தில் கையை நிறுத்திப் பழகாத பிள்ளைக்கு, எதிரே ஒரு முகம் வந்தால் எப்படி நிற்கும்? இந்தப் பெண்ணுக்குக் கால் வந்துவிட்டது, அதைப் பிடித்து நிறுத்தும் இடுப்பு இன்னும் வரவில்லை. மாஸ்டரும் அதையேதான் சொன்னார். கொஞ்ச நாளைக்கு அவளுக்குக் கட்டா மட்டும்தானாம்.

அப்பாவையும் விடுவதாக இல்லை. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை தொடங்கினால் அவருக்கு இரண்டு மாதம் கரைதான். சாயங்காலம் வகுப்புக்கு வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. அங்கே விளையாட்டுச் சாமான் கடைகளில் சின்னப் பிள்ளைகள் அளவில் மார்புக் கவசமும் கால் கவசமும் என்ன விலை என்று விசாரித்துச் சொல். இங்கே இருப்பதெல்லாம் பெரிய அளவு, பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நழுவுகிறது. கோடை லீவுக்கு வரும்போது வாங்கி வந்தால் பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்,
உச்சிப்புளி